மாண்டலினுக்கு மரமும் பூச்சும்: கடலோரக் காற்றில் செய்த இரண்டு வாத்தியங்கள்

சென்னையில் செய்து சென்னையிலேயே வாசிக்கப்படப் போகும் மாண்டலினுக்கு மரம் தேடும்போது, எந்த மரம் என்பதற்கு முன்பாக, அது எந்தக் காற்றில் இருக்கப்போகிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தந்தி வாத்தியம் செய்வதற்கான கையேடுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதப்பட்டவை. பட்டறைக் காற்றின் ஈரப்பதம் 45 சதவீதத்தை ஒட்டி இருக்கும் என்றும், அந்தக் காற்றில் பழகிய மரத்துக்குள் எட்டு அல்லது ஒன்பது சதவீத ஈரமே தங்கும் என்றும் அவை வைத்துக்கொள்கின்றன. நம் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதியில் காற்றின் ஈரப்பதம் 65 முதல் 80 சதவீதம் வரை நிற்பதால், திறந்து வைத்த பலகைக்குள் 12 முதல் 16 சதவீதம் வரை ஈரம் ஏறிவிடுகிறது. அதே வாத்தியம் குளிர்சாதன அறைக்குள் ஒரு மாதம் கிடந்தால் அந்த ஈரத்தில் கணிசமான பகுதியை இழந்தும் விடுகிறது. மரத்தேர்வையும் பூச்சுத் தேர்வையும் இந்த ஏற்ற இறக்கமே தீர்மானிக்கிறது என்பதால், இரண்டையும் ஒரே முடிவாக எடுக்க வேண்டும் என்ற எண்ணத்துடன் இரண்டு மாண்டலின்களை அருகருகே வைத்துச் செய்தேன். அந்த வேலையில் பார்த்தவற்றையும் எடுத்த முடிவுகளையும் இங்கே எழுதுகிறேன்.

இரண்டும் நீர்த்துளி வடிவ உடலும், வயலினில் இருப்பது போன்ற எஃப் வடிவத் துளைகளும், செதுக்கி வளைத்த முகமும் முதுகும் கொண்டவை. முகப்பலகை இரண்டுக்கும் ஒரே கட்டையிலிருந்து பிளந்த ஐரோப்பிய ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். முதல் வாத்தியத்துக்கு முதுகும் பக்கங்களும் கழுத்தும் மேப்பிள், வழக்கமான எட்டுத் தந்திகள், அரக்குப் பூச்சு. இரண்டாவதற்கு முதுகும் பக்கங்களும் வைரம் பாய்ந்த பலா, கர்நாடக இசை கற்கும் ஒருவருக்காக ஒற்றையாக ஐந்து தந்திகள், எண்ணெய் வார்னிஷ். முகமரம் ஒன்றாகவே இருந்ததால், மற்ற வேறுபாடுகள் எங்கே வெளிப்படுகின்றன என்பதைக் கையாலும் காதாலும் பின்தொடர முடிந்தது.

மாண்டலினின் முகப்பலகை சிறியதுதான்; அகலம் சுமார் 250 மி.மீ. ஆனால் எட்டு எஃகுத் தந்திகளும் சேர்ந்து 70 முதல் 80 கிலோ வரை இழுக்கின்றன; அவை குதிரை எனப்படும் தாங்குகட்டையின் மேல் மடங்கும் கோணத்தால், ஏறக்குறைய 20 கிலோ எடை இரவும் பகலும் அந்த மெல்லிய பலகையின் நடுவே அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்தச் சுமையைத் தாங்கியபடியே, விரல் நுனியின் ஒரு மெல்லிய மீட்டலுக்கும் அது அசைய வேண்டும். எடை குறைவாகவும் நீளவாக்கில் விறைப்பு மிகுந்தும் இருக்கும் மரமே இதற்கு ஏற்றது. ஸ்ப்ரூஸ் குடும்பம் இந்த இடத்தை வேறு மரத்துக்கு எளிதில் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் இதுதான். கன மீட்டருக்கு 380 முதல் 440 கிலோ எடைதான் இருக்கும். அதாவது தேக்கின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. எங்கெல்மன் ஸ்ப்ரூஸ் இந்த வரிசையில் லேசான பக்கம். சிட்கா ஸ்ப்ரூஸும், அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் சிவப்பு ஸ்ப்ரூஸும் கனமான பக்கம். ஐரோப்பிய ஸ்ப்ரூஸ் இடையில் நிற்கிறது. வேகமாகத் தட்டி வாசிக்கும் புளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற இசையின் ஒரு வகை) கலைஞர்கள் சிவப்பு ஸ்ப்ரூஸை விரும்புவதற்குக் காரணம், எவ்வளவு பலமாக அடித்தாலும் அதன் ஒலி கலங்காமல் நிற்பது. மென்மையான வாசிப்புக்கு எங்கெல்மன் விரைவாகப் பதில் சொல்லும். என்னிடம் வரப்போகிறவர்கள் இரண்டு வகையும் வாசிப்பவர்கள் என்பதால் நடுவில் உள்ளதை எடுத்தேன்.

இனத்தின் பெயரைவிட, கையில் உள்ள கட்டை எப்படி வெட்டப்பட்டது என்பதற்கு நான் அதிக மதிப்பளிக்கிறேன். ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த ஸ்ப்ரூஸ், உள்ளீரம் ஐந்து சதவீதம் மாறும்போது 250 மி.மீ. அகலத்தில் ஒன்றே முக்கால் மி.மீ. அளவுக்கு விரியும் அல்லது சுருங்கும். வளையங்கள் படுத்திருக்கும்படி அறுத்த பலகையோ அதே மாற்றத்துக்கு மூன்றரை மி.மீ. வரை நகரும். வறண்ட நாட்டில் இந்த வேறுபாட்டை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் வீங்கிக் குளிர்சாதன அறையில் சுருங்கும் நம் ஊர் வாத்தியத்துக்கு, முகத்தின் இரு பாதிகளைச் சேர்க்கும் நடு ஒட்டு விடுவதற்கும் விடாமல் இருப்பதற்கும் இதுவே காரணமாகிவிடும்.

அறுத்த கட்டையைவிடப் பிளந்த கட்டையைக் கேட்டு வாங்குவதற்கும் காரணம் உண்டு. இரம்பம் நேர்கோட்டில் போகும். நார் அப்படிப் போக வேண்டும் என்பதில்லை. நார் பலகையின் முகத்துக்குச் சாய்வாக வெளியேறினால் விறைப்பு குறைகிறது. பூச்சு ஏறிய பிறகு ஒரு பாதி வெளுப்பாகவும் மறுபாதி கறுப்பாகவும் தெரிவதும் அதனால்தான். ஓரத்தில் ஒரு சிறு துண்டை உளியால் பிளந்து பார்த்தால் நாரின் போக்கு உடனே தெரிந்துவிடும். வாங்கிய ஒவ்வொரு கட்டையையும் நீளம், அகலம், தடிமன் அளந்து எடை போட்டு அடர்த்தியைக் கணக்கிட்டு, கட்டையின் மேலேயே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். இரு முனைகளையும் தாங்கி நடுவில் ஒரு கிலோ எடையை வைத்து எவ்வளவு தொய்கிறது என்பதையும் டயல் கேஜில் பார்த்து எழுதுகிறேன். நுனியைப் பிடித்துத் தட்டி ஓசை கேட்பது நல்ல பழக்கம்தான் என்றாலும், ஒரு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க எண்கள் வேண்டும்.

இங்கேயே ஸ்ப்ரூஸ் கிடைக்காதா என்று பலர் கேட்கிறார்கள். சென்னையின் மரக்கடைகளில் ‘பைன்’ என்ற பெயரில் விற்கப்படும் இறக்குமதிப் பெட்டிச் சட்டங்களில் ஐரோப்பிய ஸ்ப்ரூஸும் கலந்து வருகிறது. மரத்தின் உட்பகுதி 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் இருக்கும்படி சூடாக்கப்பட்டது என்பதற்கான எச்.டி. முத்திரை அவற்றில் குத்தப்பட்டிருக்கும். ஆனால் விரைவாக வளர்ந்த மரம் என்பதால் வளையங்கள் அகன்றும், கணுக்கள் நிறைந்தும், படுக்கையாக அறுக்கப்பட்டும் இருக்கும். முகப்பலகைக்கு அவற்றை நான் தொடுவதில்லை. உள்ளே ஒட்டும் விளிம்புப் பட்டைகளுக்கும், பூச்சை முன்கூட்டியே சோதிக்கும் துண்டுகளுக்கும் அவற்றைவிட மலிவான நல்ல மரம் கிடைக்காது.

முதுகுக்கு மேப்பிள் என்பது மாண்டலின் உலகில் ஏறக்குறைய ஒரு மரபு. நேப்பிள்ஸ் நகரத்துப் பழைய மாண்டலின்களில், ஈட்டி, மேப்பிள் போன்ற மரங்களின் மெல்லிய பட்டைகளை வளைத்து ஒட்டிய குடுவை முதுகு இருந்தது. அமெரிக்காவில் ஆர்வில் கிப்சன் 1898இல் செதுக்கிய முகமும் முதுகும் கொண்ட மாண்டலினுக்குக் காப்புரிமை பெற்றார். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் 1902இல் தொடங்கிய கிப்சன் நிறுவனம் அந்த வழியை வளர்த்தது. அங்கே பணியாற்றிய லாயிட் லோர் 1922 முதல் 1924 வரை கையொப்பமிட்டு வெளியிட்ட எஃப்-5 மாண்டலின்களே இன்றுவரை செய்பவர்கள் அனைவரும் திரும்பிப் பார்க்கும் அளவுகோல்: ஸ்ப்ரூஸ் முகம், மேப்பிள் முதுகு, மேப்பிள் கழுத்து. புளூகிராஸ் இசையின் தந்தை எனப்படும் பில் மன்றோ 1940களிலிருந்து வாசித்துவந்த மாண்டலின் 1923 ஜூலை 9 என்ற தேதியிட்டது. அந்த வாத்தியங்களின் பூச்சு, ஸ்பிரிட்டில் கரைத்த பிசின்களால் ஆன மெல்லிய வார்னிஷ். அதன் பிறகு வந்த ஆண்டுகளில் அந்த நிறுவனம் தெளிக்கும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கு மாறியது.

மேப்பிளிலும் பல உண்டு. சர்க்கரை மேப்பிள் கன மீட்டருக்கு 700 கிலோவைத் தொடும். அமெரிக்க மேற்குக் கரையின் பெரிய இலை மேப்பிள் 550 கிலோவை ஒட்டியது. ஐரோப்பிய மேப்பிள் இரண்டுக்கும் நடுவில். கனமானது ஒலியைக் கூர்மையாகவும் தொலைவுக்கும் எறியும். லேசானது கொஞ்சம் உருண்டையான, இருட்டான ஒலியைத் தரும். நான் எடுத்தது ஐரோப்பிய மேப்பிள், நல்ல புலிவரி உள்ளது. அந்த வரிகள் நார் அலையலையாக ஓடுவதால் வருபவை. அழகுக்குக் காரணமான அதே அலை, இழைப்புளியின் வாய்க்கு எதிராகத் திரும்பும் இடத்தில் குழி விழப் பிய்ந்து வருகிறது. ஆகவே கடைசி அரை மி.மீ. தடிமனை இழைப்புளியால் எடுக்காமல், விளிம்பை மடக்கித் தீட்டிய ஸ்கிரேப்பர் தகட்டால் மட்டுமே எடுத்தேன். தகட்டைச் சற்றே கோணலாகப் பிடித்து இழுக்கும்போது தூசுக்குப் பதிலாகச் சுருள் வந்தால் கூர் சரியாக இருக்கிறது என்று பொருள். பக்கப் பட்டைகளையும் இரண்டு மி.மீ. தடிமனுக்கு இறக்கி, வெளிப்புறத்தில் மெல்லிய தகட்டைத் தாங்கலாக வைத்துத்தான் சூடான குழாயில் வளைத்தேன்; தாங்கல் இல்லாவிட்டால் புலிவரிப் பட்டை ஒவ்வொரு வரியிலும் விரிசல் விடப் பார்க்கும்.

இரண்டாவது வாத்தியத்துக்குப் பலாவை எடுத்தது வெறும் ஊர்ப்பற்றால் அல்ல. தஞ்சாவூர் வீணையின் குடமும் மிருதங்கத்தின் கட்டையும் பலாவில்தான் செய்யப்படுகின்றன. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவை வீணை ஆசாரிகள் தேடி வாங்குகிறார்கள். நம் காற்றின் ஈரத்திலும் வெயிலிலும் தலைமுறைகளாக நின்று காட்டிய மரம் அது. வைரத்தின் அடர்த்தி ஏறக்குறைய லேசான மேப்பிளின் வரிசையில் வருகிறது. தட்டினால் மேப்பிளின் கணீரென்ற ஓசை வராது. சற்றுத் தாழ்ந்த, ஆனால் தெளிவான ஓசை வரும். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வெளிறு என்று சொல்லும் வெளுத்த புறமரத்தைத் துளிகூட விடாமல் நீக்க வேண்டும்; உளுக்கும் பூச்சிக்கு அது விருந்து. மற்றொன்று, பலாவின் நார் அடுக்கடுக்காகத் திசை மாறி ஓடுவது. இந்தப் பக்கம் இழைத்தால் ஒரு பட்டை வழவழப்பாகவும் அடுத்த பட்டை கரடாகவும் வரும். அங்கும் ஸ்கிரேப்பர்தான் துணை.

கர்நாடக இசைக்கான மாண்டலின் என்றவுடன் யு. ஸ்ரீநிவாஸ் அவர்களின் (1969–2014) வாத்தியம் நினைவுக்கு வரும். அவர் வாசித்தது உள்கூடு இல்லாத மின் மாண்டலின். இரட்டைத் தந்திகளுக்குப் பதிலாக ஒற்றைத் தந்திகள் ஐந்து. கமகத்துக்குத் தந்தியை இழுக்கவும், ஜாருவாக வழுக்கவும் ஒற்றைத் தந்தியே வசதி. வழுக்கி முடிக்கும்வரை நாதம் நிற்க வேண்டும் என்பதற்கு மின்பெருக்கியே வழி. மரக்கூடு உள்ள மாண்டலின் மீட்டிய வேகத்திலேயே ஒலியை வாரிக் கொட்டிவிட்டு அடங்கிவிடும். முகம் எவ்வளவு லேசாக இருக்கிறதோ அவ்வளவு உரக்க ஒலித்து, அவ்வளவு சீக்கிரமாகவும் அடங்கும். ஆகவே பலா வாத்தியத்தில், ஐந்து தந்திகளின் இழுவை எட்டுத் தந்திகளின் இழுவையைவிட வெகுவாகக் குறைவு என்று தெரிந்தும், முகத்தை நான் மெலிதாக்கவில்லை. மேப்பிள் வாத்தியத்தில் நடுவில் 4.6 மி.மீ., ஓரத்துப் பள்ளத்தில் 2.8 மி.மீ.; பலா வாத்தியத்திலும் அதே அளவுகள்தான். ஓசையின் உரப்பு கொஞ்சம் குறையும் என்பது தெரிந்தே எடுத்த முடிவு அது. வாசிப்பவர் மேடையில் எப்படியும் பிக்கப் (ஒலியை மின்பெருக்கிக்கு அனுப்பும் கருவி) வைத்துக்கொள்வார், அவருக்கு வேண்டியது நீளும் நாதம்.

விரல்பலகைக்கும் குதிரைக்கும் கருங்காலியே சிறந்தது என்றாலும், நல்ல வைரமுள்ள உண்மையான கருங்காலி கிடைப்பது அரிது என்பதால் ஈட்டியைப் பயன்படுத்தினேன். தமிழ்நாட்டில் ஈட்டி மரங்களைக் காப்பதற்கென்றே 1994இல் தனிச் சட்டம் வந்தது என்பதால், பழைய கட்டில் சட்டத்தையோ ரசீது உள்ள கட்டையையோ மட்டும் வாங்குவது நல்லது. வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருப்பவர்கள் கவனிக்க: 2017 தொடக்கத்தில் ஈட்டிக் குடும்பம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்து, முடிந்த வாத்தியங்களுக்கும் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது, 2019இன் இறுதியில் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. கட்டையாக அனுப்புவதற்கு அந்த விலக்கு பொருந்தாது.

ஒட்டும் வேலைகள் அனைத்தையும் ஈரமுறிஞ்சும் கருவி ஓடும் சிறிய அறையில், காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும்போதுதான் செய்தேன். ஈரமான நாளில் ஒட்டிய முகம் பின்னர் காய்ந்து சுருங்க வழியில்லாமல் வெடிக்கும். சற்றே வறண்ட நிலையில் ஒட்டிய முகமோ மழைக்காலத்தில் மேலே உப்பி, தந்தியின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டுவதோடு நின்றுவிடும். திருகு வைத்த குதிரையைச் சிறிது இறக்கினால் அது சரியாகும். நடு ஒட்டுக்கும், முகத்தின் உள்ளே ஒட்டும் இரண்டு நீளச் சட்டங்களுக்கும் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசையான வஜ்ஜிரம்தான். காய்ந்த பிறகு அது கண்ணாடியைப் போல் இறுகி, சுமையில் வழுக்காமல் நிற்கிறது. நாளைக்குக் கழற்ற வேண்டுமானால் வெந்நீரும் சூடான கத்தியும் போதும்.

இனி பூச்சு. தெரிந்த பாலிஷ்காரர் ஒருவர் மரமாக நின்ற இரண்டையும் பார்த்துவிட்டு, “பி.யு. அடிச்சிடலாம் சார், ஆயுசுக்கும் பளபளப்பு போகாது” என்றார். மேசைக்கும் கதவுக்கும் அவர் சொன்னது முற்றிலும் சரி. வாத்தியத்துக்கு அது பொருந்தாது என்பதற்குத் தடிமனே காரணம். பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் மேசையில் நிற்கும் பருமனில் ஏறினால் கால் மி.மீ. வந்துவிடும், 2.8 மி.மீ. ஸ்ப்ரூஸின் மேல் அது ஒரு பிளாஸ்டிக் போர்வை. எடை கூடுவது ஒரு பக்கம் இருக்க, அந்தப் படலம் தன் மென்மையால் அதிர்வைத் தின்றுவிடுவதுதான் பெரிய இழப்பு. கையால் தேய்த்து ஏற்றும் அரக்குப் பூச்சு இதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. லாக்கர் இடையில் நிற்கிறது. முகப்பலகைக்கு எந்தப் பொருள் என்ற கேள்வியைவிட எவ்வளவு மெல்லியதாக என்ற கேள்வி முக்கியம். மெல்லியதாகவும் கடினமாகவும் ஏற்றக்கூடிய பூச்சுகளில், பின்னர் சிறு காயங்களைத் தடம் தெரியாமல் சரிசெய்ய வசதியானது அரக்குதான்.

அரக்கு நம் நாட்டுப் பொருள். பலாசம், குசும் போன்ற மரங்களின் கொம்பில் அடையும் பூச்சி கக்கும் பிசினைத்தான் செதிலாக்கி விற்கிறார்கள். ஜார்க்கண்ட் இதன் தலைமையிடம். ராஞ்சியில் அரக்கு ஆராய்ச்சிக்கென்று 1924இலேயே நிறுவனம் தொடங்கப்பட்டது. செதிலில் ஐந்து சதவீதம் அளவுக்கு மெழுகு இருக்கும். மெழுகு நீக்கிய வெளிறிய செதிலை வாங்குவது எளிது. இல்லையென்றால் கரைசலை ஒரு கண்ணாடிப் புட்டியில் அசையாமல் வைத்து, மெழுகு அடியில் தங்கிய பின் மேலே தெளிந்ததை மட்டும் வடித்துக்கொள்ளலாம். நான் ஒரு லிட்டருக்கு 120 கிராம் செதில் என்ற நீர்த்த கரைசலில் தொடங்கி, பூச்சின் கனத்தை ஏற்றும்போது 200 கிராம் வரை போகிறேன். கரைத்த தேதியைப் புட்டியின் மேல் எழுதி வைப்பது கட்டாயம். அரக்கு ஸ்பிரிட்டோடு மெதுவாக வினைபுரிந்துகொண்டே இருப்பதால், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட கரைசல் பூசினால் காயாமல் பிசுபிசுக்கும்.

கடலோரத்தில் அரக்குப் பூச்சின் பெரிய எதிரி வெண்படலம். ஸ்பிரிட் வேகமாக ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் பனியாகப் படிந்து, பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. கடையில் விற்கும் ஸ்பிரிட்டிலேயே தண்ணீர் கலந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். இதற்கு நான் கண்ட வழி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அரக்கைக் கரைப்பது. கரைய ஒரு நாள் கூடுதலாகும். ஆனால் அது ஸ்பிரிட்டைவிட மெதுவாக ஆவியாவதால் பரப்பு அவ்வளவு குளிர்வதில்லை, பூசுவதற்கான துணி சுற்றிய பஞ்சுப் பொட்டலம் இழுபடாமல் ஓடவும் நேரம் கிடைக்கிறது. அதோடு, மழை பெய்யும் நாளில் பூசுவதே இல்லை என்று வைத்துக்கொண்டால் வெண்படலத் தொல்லை ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது. ஜன்னலைத் திறந்து வைத்து, தீ அருகில் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மேப்பிள் வாத்தியத்துக்கு நடுவில் பொன்னிறமும் ஓரத்தில் கரும்பழுப்புமாகச் சாயம் ஏற்றினேன். முதுகில் முதலில் நீரில் கரைத்த அடர்பழுப்பு அனிலின் சாயத்தைப் பூசி, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டேன். நார் முனை வெளியே திரும்பியிருக்கும் வரிகளில் மட்டும் சாயம் ஆழமாக இறங்கி நிற்க, அதன்மேல் ஏற்றிய மஞ்சளில் புலிவரி எழும்பி வந்தது. ஸ்ப்ரூஸ் முகத்தில் இதே முறையைக் கையாளவே கூடாது. செதுக்கிய முகத்தில் வளைவு இறங்கும் இடங்களில் நாரின் முனைகள் வெளியே தெரிவதால், அங்கே சாயம் கண்டபடி உறிஞ்சப்பட்டுத் திட்டுத்திட்டாகக் கறுக்கும். முகத்துக்கு முதலில் மிகவும் நீர்த்த வஜ்ஜிர நீரை ஒரு முறை துடைத்து, சிலிர்த்த நாரை ஸ்கிரேப்பரால் எடுத்துவிட்டு, பிறகே சாயத்தைத் தொட்டேன். அதற்கும் முன்பாக வெற்று மரத்தைச் சில வாரங்கள் காலை வெயிலில், திருப்பித் திருப்பி வைத்திருந்ததால், ஸ்ப்ரூஸ் தானாகவே தேன் நிறத்துக்கு வந்திருந்தது. அந்த நிறத்தை எந்தச் சாயத்தாலும் அப்படியே கொண்டுவர முடியாது. முகத்தைச் சாயம் ஏற்றுமுன் உப்புத்தாளால் வழவழப்பாக்குவதையும் நான் தவிர்க்கிறேன்: தாள் வளையங்களுக்கு இடையிலுள்ள மெத்தென்ற பகுதியைத் தோண்டி, அந்தப் பள்ளத்தில் தூசை அடைத்து, நிறத்தை மங்கலாக்கிவிடுகிறது.

பலாவில் அரக்கு பூசாததற்கு நேரடியான காரணம் உண்டு. பலாவின் வைரத்தில் உள்ள மஞ்சள் சாயம் துணிக்கு நிறமேற்றவே பயன்பட்டு வந்தது. அது ஆல்கஹாலில் கரையும். பலாத் துண்டும் ஸ்ப்ரூஸ் துண்டும் சேர்த்து ஒட்டிய சோதனைக் கட்டையில் அரக்குப் பொட்டலத்தை ஓட்டியபோது, வெள்ளைத் துணி மஞ்சளாகி, அடுத்த இழுப்பிலேயே ஒட்டுக்கோட்டைத் தாண்டி ஸ்ப்ரூஸின் மேல் மஞ்சள் கீற்றாகப் படிந்தது. ஈட்டியிலும் இதே குணம் ஊதா நிறத்தில் வரும். முகத்தோரத்தில் வெளிறிய பட்டை ஒட்டியிருக்கும் வாத்தியத்தில் அதை ஏற்க முடியாது. எண்ணெய் வார்னிஷின் கரைப்பான் டர்பன்டைன். பலாவின் மஞ்சளை அது அவ்வளவாகக் கிளறுவதில்லை. ஆகவே பலா முதுகுக்கும் பக்கங்களுக்கும் கடையில் கிடைக்கும் கோப்பால் வார்னிஷைப் பாதிக்குப் பாதி டர்பன்டைனில் நீர்த்து, துணியால் துடைத்துத் துடைத்து ஏற்றினேன். முதல் இரண்டு பூச்சுக்கும் மெல்லிய உப்புத்தாளை வார்னிஷோடு சேர்த்துத் தேய்த்ததால் எழுந்த குழம்பு, பலாவின் அகன்ற துளைகளில் இறங்கி ஓரளவு நிரப்பியது. முழுவதும் நிரப்ப முயலவில்லை. நிரப்பிய பலா எனக்குப் பார்க்கப் பிளாஸ்டிக்காகத் தெரிகிறது. எண்ணெய் வார்னிஷ் காற்றின் ஆக்சிஜனை எடுத்து இறுகுவது என்பதால் மெதுவாகவே காயும். மழைக்காலத்தில் ஒரு பூச்சு நான்கு நாள் எடுத்தது, வெயில் வந்ததும் ஒரே பகலில் முடிந்தது.

அதே வாத்தியத்தின் ஸ்ப்ரூஸ் முகத்துக்கு மட்டும் அரக்குதான். ஆளிவிதை எண்ணெய் கலந்த எதுவும் வெற்று ஸ்ப்ரூஸில் ஆழமாக ஊறினால் எடையும் கூடும், துடிப்பும் குறையும். மெல்லிய அரக்கு முதலில் நாரின் வாயை அடைத்துவிடுகிறது. ஒற்றை வாத்தியத்தில் இரண்டு பூச்சு என்பது சிலருக்கு ஒழுங்கற்றதாகப் படலாம். முகமும் முதுகும் செய்யும் வேலை வேறு என்னும்போது பூச்சும் வேறாக இருப்பதே எனக்கு ஒழுங்காகத் தெரிகிறது.

உடலின் உட்புறத்தை வெற்றாகவே விட வேண்டும் என்று சொல்பவர்கள் பலர். வெளியே பூசி உள்ளே விட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறி இறங்கும். நீராவியைத் தடுப்பதில் எண்ணெய் ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. அரக்கு நன்றாகவே தடுக்கிறது. ஆகவே இரண்டிலும் கூட்டை மூடுமுன் உள்ளே ஒரே ஒரு முறை நீர்த்த அரக்கைத் துடைத்துவிட்டேன். ஈரம் ஏறுவதை அது நிறுத்தாது, தாமதப்படுத்தும். ஒரு நாள் மழைக்கும் மறுநாள் வெயிலுக்கும் இடையில் அந்தத் தாமதம் போதுமானது.

கழுத்தின் பின்புறம் தனிக் கதை. வியர்வையும் உடல் சூடும் சேர்ந்தால் அரக்கு மிருதுவாகி, கட்டைவிரல் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். பளபளப்பான எந்தப் பூச்சுக்கும் சென்னை மே மாதத்தில் இதே நிலைதான். இரண்டு கழுத்துக்கும் எண்ணெய் வார்னிஷை மூன்று முறை மட்டும் துடைத்து ஏற்றி, நன்றாக இறுகியபின் மிக மெல்லிய எஃகு நூலால் தேய்த்துப் பளபளப்பை எடுத்துவிட்டேன். ஏறும் ஜாருவில் கை தடையின்றி ஓடுகிறது என்று பலா வாத்தியத்தை வாங்கியவர் சொன்னார்.

ஒலியைப் பற்றி: மேப்பிள் வாத்தியத்தில் ஸ்வரம் சட்டென்று எழும்புகிறது, மேல் ஸ்தாயியில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகத் தெறிக்கிறது. பலா வாத்தியத்தில் எழும்புதல் சற்று மிருதுவாகவும், நாதம் தெளிவாகவே நீண்டும் இருக்கிறது. இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு ஒற்றைத் தந்திக்கும், தந்திச் சுமையோடு ஒப்பிட்டால் விறைப்பாக நிற்கும் முகத்துக்கும் உரியது. பலாவின் பங்கு அதற்குப் பின்தான் வரும் என்பது என் கணிப்பு. ஆகவே முதன்முதலாகச் செய்பவர் கையில் உள்ள பணத்தை முகத்துக்கான ஸ்ப்ரூஸில் போடுவதே சரி. முதுகுக்கு நன்றாகக் காய்ந்த உள்ளூர் மரத்தை நம்பலாம்.

ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்த பிறகு இரண்டையும் மீண்டும் பார்த்தேன். பலா இன்னும் பழுத்துப் பழுப்பு நிறத்துக்கு நகர்ந்திருக்கிறது, அது இயல்பு. மேப்பிள் வாத்தியத்தில் குதிரையை ஒரு முறை இறக்க வேண்டியிருந்தது. வாசிப்பவரின் முன்கை படும் இடத்தில் அரக்கு மங்கியிருந்தது. அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் 120 கிராம் கரைசலில் நனைத்த பொட்டலத்தை ஒரு சொட்டு எண்ணெயோடு வட்டமாக ஓட்டியதில் பழைய பூச்சும் புதிய பூச்சும் ஒன்றாகக் கரைந்து சேர்ந்துவிட்டன. நிறுத்தி வைத்த காருக்குள் வாத்தியத்தை வைக்க வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்: வெயிலில் கார் எட்டும் வெப்பத்தில் அரக்கு இளகி, உறையின் வெல்வெட் துணி அதில் பதிந்துவிடும், வஜ்ஜிரமும் தளரும்.